காற்றாலையிலிருந்து வந்த கணிதம்



உயர்தர வகுப்பிலே நான் பௌதிகம் படித்த நாட்களில், புள்ளியேற்றங்களின் கணக்கு என்றாலே கை நடுங்கும். ஓர் ஏற்றம் தன்னைச் சூழ விரிக்கும் மின்புலத்துக்குப் பருமனும் உண்டு, திசையும் உண்டு. மூன்று நான்கு ஏற்றங்கள் சேர்ந்துவிட்டால் அத்தனையையும் கூறாக்கிக் கூட்டவேண்டும். பின்னர் மின்னழுத்தம் என்ற பாடம் வந்தது. அதற்குத் திசையே இல்லை, வெறும் எண்தான். எண்களைக் கூட்டிவிட்டு, அழுத்தம் இடத்துக்கிடம் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று பார்த்தாற் புலமும் கிடைத்துவிடும். இந்த இலகுவழி யாரால் வந்தது என்று அன்று நான் கேட்கவில்லை.

ஏற்றங்களுக்கு இடையிலான விசை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறானது என்பதைப் பிரான்சின் கூலோம் 1785இல் முறுக்குத் தராசினால் அளந்து காட்டினார். தூரம் இருமடங்கானால் புலம் நாலிலொன்றாகும். அழுத்தமோ பாதியாகவே குறையும். இவ்வகைச் சார்பை லாப்லாஸ், புவசோன் ஆகிய பிரெஞ்சு மேதைகள் ஏற்கெனவே கையாண்டிருந்தனர். அதற்குப் பெயர் சூட்டி, மின்னியலுக்கு அத்திவாரமாக்கியவர் ஜோர்ஜ் கிரீன்.

இவர் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரத்தவர், பேக்கரிக்காரரின் மகன். தந்தை கட்டிய காற்றாலையில் மா அரைத்தவர். பள்ளிக்கூடம் போனது ஒரு வருடமளவுதான். 1823இல் நகரத்துச் சந்தா நூலகத்திற் சேர்ந்தார். 1828இல் தமது ஆய்வை நூலாக்கினார். விலை ஏழரை ஷில்லிங். முற்பதிவு செய்தோர் 51 பேர். அவர்களுள் கணிதமறிந்தவரான எட்வேட் புரொம்ஹெட் தந்த ஊக்கத்தினால், தமது நாற்பதாவது வயதில், 1833இல் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். ஆனால் அந்த முதல் நூலைக் கற்றோர் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1841இல் கிரீன் மறைந்தார்.

நான்கு வருடங்களின் பின், இருபது வயது நிரம்பிய வில்லியம் தொம்சன் என்ற இளைஞர் தம் ஆசிரியரிடம் அந்த நூலின் பிரதியைப் பெற்றார். வாசித்து வியந்து, பாரிசுக்குக் கொண்டுபோய் அங்குள்ள கணித மேதைகளுக்குக் காட்டினார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர் இவரே. அவரது முயற்சியால் 1850 முதல் ஜெர்மனியின் கணித ஏடொன்றில் அந்த ஆய்வு மறுபிரசுரமாயிற்று. இன்று புள்ளியேற்றக் கணக்குப் போடும் எந்த மாணவனும் கிரீனின் வழியிலேதான் நடக்கின்றான்.

ஒரு நூலை ஐம்பது பேர்தான் வாங்கினார்கள் என்று கேட்டால் இப்போதெல்லாம் நான் சிரிப்பதில்லை, நேயர்களே. ஒரு பிரதி உரிய கைக்குப் போய்ச் சேர்ந்தாற் போதும். ஆனால் அது எழுதியவர் உயிரோடிருக்கையிலேயே நேர்ந்திருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் தீரவில்லை.