மேட்டிலிருந்து தொட்டிக்கு: டூங்கபியும் வெள்ளக் கட்டட விதிகளின் வளர்ச்சியும்

முன்னுரை

சிட்னி நகர மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது டூங்கபி. ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த தமிழர் பலர் வாழும் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், கிரவீன் ஆகிய புறநகர்களுக்கு அண்டை ஊர். அதன் பெயர் தாருக் மக்களின் மொழியிலிருந்து வந்தது. நீருக்கு அருகிலுள்ள இடம் என்றும், நீர் கூடும் இடம் என்றும் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். எந்தப் பொருளைக் கொண்டாலும் அந்த மண்ணின் முதல் குடிகள் ஊரை நீரைக் கொண்டே அடையாளம் கண்டிருக்கிறார்கள் என்பது தெளிவு. கிரவீன், பெண்டில், பிளாக்டவுன் ஓடைகளின் நீரைப் பெறும் டூங்கபி ஓடை, டார்லிங் மில்ஸ் ஓடையோடு கலக்கும் இடத்தில் பரமட்டா ஆறு பிறக்கிறது.

வெள்ளம் வரக்கூடிய இடத்தில் வீடு கட்டுவோருக்கு இங்கே பல விதிகள் உண்டு. அவை ஒரே நாளில் வந்தவை அல்ல. எங்கே கட்டுவது, எவ்வளவு உயரத்தில் கட்டுவது, எதனால் கட்டுவது, கட்டிய வீடு பிறருக்கு என்ன செய்யும் என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விதி பிறந்தது. அந்த வரலாற்றைத் தடம் பிடிப்பது இக்கட்டுரையின் நோக்கம். இவற்றுள் கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது என்பதும், அதற்கான விடையை உருவாக்கியதில் டூங்கபியை உள்ளடக்கிய மேல் பரமட்டா நீர்ப்பிடிப்புக்குத் தனி இடம் உண்டு என்பதும் இதன் கருத்து.

1. முதல் கட்டளை: மேட்டுக்குப் போ

ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் ஆங்கிலேயர் சிட்னிக்கும் பரமட்டாவுக்கும் அடுத்து மூன்றாவதாகக் குடியேறிய இடம் டூங்கபி. 1791இல் ஆளுநர் ஆர்தர் பிலிப்பின் காலத்தில், கைதிகளின் உழைப்பைக் கொண்டு அங்கே அரசுப் பண்ணை உருவாக்கப்பட்டது. மரங்கள் வெட்டப்பட்டன, நிலம் சில ஆண்டுகளிலேயே சத்திழந்தது, அரசு வேளாண்மை காசில் ஹில்லுக்கு இடம் மாறியது. நீர்ப்பிடிப்பின் மரப்போர்வையில் முதல் வெட்டு அப்போதே விழுந்துவிட்டது.

அதே காலத்தில் வடமேற்கே ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையின் வண்டல் மண்ணில் குடியேறிகள் கோதுமையும் சோளமும் பயிரிட்டார்கள். 1806இலும் 1809இலும் வந்த வெள்ளங்கள் பயிரையும் வீட்டையும் வாரிக்கொண்டு போயின. 1810இல் ஆளுநர் லாக்லன் மக்குவாரி வின்சர், ரிச்மண்ட், காசில்ரே, பிட் டவுன், வில்பர்ஃபோர்ஸ் என்ற ஐந்து ஊர்களை மேட்டு நிலத்தில் வகுத்தார். வயல் தாழ்விலும் வீடு மேட்டிலும் இருக்கட்டும் என்பதே அவர் ஏற்பாடு. பலர் நகரவில்லை. 1817இல் வெளியிட்ட ஆணையில், வெள்ளம் எட்டும் இடத்திலேயே பிடிவாதமாகத் தங்கியவர்களை அவர் கடிந்துகொண்டார். 1867 ஜூனில் வின்சரில் ஆறு ஏறத்தாழ 19.7 மீட்டர் உயரத்துக்கு எழுந்தபோது அந்த ஆணையின் நியாயம் எல்லோருக்கும் புரிந்தது.

வெள்ளத்திலிருந்து கட்டடத்தைக் காக்க அரசு சொன்ன முதல் வழி, இடம் மாறுவது. விதி சரியாக இருந்தது. ஆனால் மக்கள் அதைத் தங்கள் வாழ்வோடு இசைவிக்க முடியாதபோது அது ஏட்டிலேயே நின்றது. பின்னால் வந்த எல்லா விதிகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

2. வரைபடத்தில் ஒரு கோடு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்குச் சிட்னியில் வீடுகள் வேகமாகப் பெருகின. அங்குள்ள மண் பெரும்பாலும் ஷேல் பாறை சிதைந்து உண்டான களிமண். நீரை மெல்லத்தான் உள்ளே விடும். அதன்மேல் கூரையும் தார்ச்சாலையும் கார் நிறுத்தும் கான்கிரீட் தளமும் பரவியபோது, பெய்த மழை அப்படியே ஓடைக்கு ஓடியது. சில ஓடைகளின் பகுதிகள் கான்கிரீட் கால்வாய்களாக மாற்றப்பட்டன. நீர் மேலே வாழ்ந்தோரை விட்டு விரைவாக நீங்கி, கீழே வாழ்ந்தோரை விரைவாகச் சேர்ந்தது.

1970களின் பிற்பகுதியில் நியூ சவுத் வேல்ஸ் அரசு, எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தை அளவுகோலாகக் கொண்டு நிலங்களை வரையறுக்கத் தொடங்கியது. நூறாண்டு வெள்ளம் என்று வழக்கில் சொல்லப்படுவது இதுவே. பெயர் ஆளை ஏமாற்றும். ஒருமுறை வந்துவிட்டால் இன்னும் நூறாண்டுக்குக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால், 30 ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அப்படியொரு வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. 70 ஆண்டு நிற்கும் வீடானால் பாதிக்குப் பாதி.

கோட்டுக்குள் விழுந்த வீட்டின் விலை சரியும் என்று உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 1984இல் அரசு அந்த வரைபடங்களைத் திரும்பப் பெற்றது. கோட்டுக்கு உள்ளே தடை, வெளியே அனுமதி என்ற கண்டிப்பைக் கைவிட்டு, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அதன் தகுதியைப் பார்த்து முடிவு செய்யும் கொள்கையை அறிவித்தது. 1986இல் அதற்கான முதல் கையேடு வந்தது. முடிவெடுக்கும் பொறுப்பு உள்ளூர் கவுன்சில்களிடம் சேர்ந்தது. கையேட்டைப் பின்பற்றி நல்லெண்ணத்தோடு செயல்பட்ட கவுன்சிலை வெள்ளச் சேதத்துக்குப் பொறுப்பாக்க முடியாது என்ற சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. இன்று அது 1993ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 733ஆம் பிரிவாக இருக்கிறது. வெள்ள விதிகள் உள்ளூர் விதிகளாக ஆனதன் அடிப்படை இதுதான்.

3. திருப்பம்: மேட்டு வீட்டின் பொறுப்பு

1986 ஆகஸ்டிலும் 1988 ஏப்ரலிலும் மேல் பரமட்டா நீர்ப்பிடிப்பில் பெரும் வெள்ளங்கள் வந்தன. ஹாக்ஸ்பரியில் வெள்ளம் நாள்கணக்கில் ஏறும், நாள்கணக்கில் நிற்கும். இங்கே அப்படியல்ல. நீர்ப்பிடிப்பின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர்தான். மழை வலுத்தால் சில மணி நேரத்தில் ஓடை கரை மீறும். எச்சரிக்கை கேட்டு வெளியேறுவதற்கு அவகாசம் குறைவு.

அந்தப் பரப்பும் பரமட்டா, பிளாக்டவுன், ஹோல்ராய்ட், பால்கம் ஹில்ஸ் என நான்கு கவுன்சில்களிடையே பிரிந்து கிடந்தது. ஒரு கவுன்சில் அனுமதித்த கட்டடத்தின் நீர் அடுத்த கவுன்சிலின் எல்லைக்குள் புகுந்தது. ஓடைக்குக் கவுன்சில் எல்லை தெரியாது. 1989இல் நீர்ப்பிடிப்பு முழுவதையும் ஒரே அலகாகப் பார்க்க மேல் பரமட்டா ஆற்று நீர்ப்பிடிப்பு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. வெள்ள நீரைத் தேக்கி மெல்ல விடும் பெரிய படுகைகள் ஒரு பக்கம் திட்டமிடப்பட்டன. இன்னொரு பக்கம், 1991இல் மனைக்குள்ளேயே நீரைத் தேக்கும் விதி அறிமுகமானது.

இந்த விதியின் தருக்கம் எளிது. புதிதாக எழும் டவுன்ஹவுஸ், அடுக்ககம், கடை எதுவானாலும் தன் கூரையிலும் தளத்திலும் விழும் மழையை உடனே தெருவுக்குத் தள்ளக்கூடாது. மனைக்குள் தொட்டியிலோ தாழ்த்திய முற்றத்திலோ நிறுத்தி, அளவாக வெளியே விட வேண்டும். அறக்கட்டளையின் கையேடு ஹெக்டேருக்கு 470 கன மீட்டர் கொள்ளளவும், விநாடிக்கு 80 லிட்டர் வெளியேற்ற வரம்பும் விதித்தது. 600 சதுர மீட்டர் மனைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், ஏறத்தாழ 28,000 லிட்டர் நீரை நிறுத்தும் இடம் வேண்டும். விநாடிக்கு ஐந்து லிட்டருக்கும் குறைவாகவே வெளியே விடலாம். 2005இல் வந்த நான்காம் பதிப்பு இந்த அளவுகளைச் செம்மைப்படுத்தி, சிறு மழைக்கும் பெருமழைக்கும் தனித்தனி வரம்பு வைத்தது.

தமிழருக்கு இந்த அமைப்பைப் புரியவைக்கப் படம் வரையத் தேவையில்லை. நம் ஏரியின் சிறு வடிவம் அது. துளையிட்ட உலோகத் தகடு மதகாக நின்று நீரை அளந்து விடுகிறது. நிரம்பினால் வழிவதற்கு ஒரு கலிங்கு இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: ஏரி நிறைந்திருந்தால் ஊருக்கு வாழ்வு, இந்தத் தொட்டி காலியாக இருந்தால்தான் ஊருக்குக் காப்பு. தமிழகம் 2003இல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பும், நியூ சவுத் வேல்ஸ் 2004இல் கொண்டுவந்த நீர்ச் சிக்கன விதியின்கீழ் வீடுகளில் வைக்கப்படும் மழைநீர்த் தொட்டியும் நீரைப் பயன்பாட்டுக்காகச் சேமிப்பவை. தேக்கத் தொட்டி அயலாருக்காக நீரைத் தாமதப்படுத்துவது. இரண்டையும் ஒன்றென நினைத்துத் தேக்கத் தொட்டியின் வெளிவாயை அடைத்து நீரைச் சேமித்தால் அதன் நோக்கமே கெட்டுவிடும்.

அதுவரை வெள்ள விதி என்பது வெள்ளத்தில் முழுகக்கூடிய வீட்டுக்கான விதியாக இருந்தது. 1991க்குப் பின், ஒருபோதும் முழுகாத மேட்டு வீட்டுக்கும் அது பொருந்தியது. இந்த வரலாற்றில் அறம் சார்ந்த பெரிய நகர்வு இதுவே.

4. தரைமட்டமும் கட்டுப்பொருளும்

தாழ்வில் நிற்கும் வீட்டைக் காக்கும் விதிகளும் உடன் வளர்ந்தன. நூற்றில் ஒரு பங்கு வெள்ளத்தின் நீர்மட்டத்துக்கு மேல் இன்னும் அரை மீட்டர் உயர்த்தி, மக்கள் புழங்கும் அறைகளின் தரையை அமைப்பது வழக்கமான அளவாக நிலைபெற்றது. அந்த அரை மீட்டர், கணிப்பில் வரும் பிழைக்கும் அலைக்கும் குப்பை அடைப்பால் மட்டம் உயர்வதற்கும் விட்ட இடைவெளி. தெருவை விட உயர்ந்த திண்ணையும், வாசலில் ஏறிச் செல்லும் படிகளும் நம் வீடுகளில் செய்த வேலையை இங்கே அளவீட்டோடு செய்கிறார்கள்.

எதனால் கட்டுவது என்ற கேள்விக்கு, ஹாக்ஸ்பரி–நேப்பியன் வெள்ளச் சமவெளிக்காக 2006இல் தயாரான வழிகாட்டி விரிவான விடை தந்தது. நீரில் ஊறிய துகள் பலகை உப்பி உதிரும், ஜிப்சம் பலகை குழையும், கான்கிரீட்டும் ஓடும் சிமென்ட் நார்ப் பலகையும் தாங்கும். சுவரின் உள்வெளியில் தங்கும் நீர் வடியாவிட்டால் வீடு வெளியே உலர்ந்தும் உள்ளே அழுகும். நாடு தழுவிய அளவில், ஆஸ்திரேலியக் கட்டட விதிகள் வாரியம் 2012இல் வெள்ள அபாயப் பகுதிக் கட்டடங்களுக்கான தரத்தை வெளியிட்டது. 2013ஆம் ஆண்டுத் தேசியக் கட்டுமான விதித்தொகுப்பு அதை ஏற்றது. நீரின் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டருக்கு மேற்படாத இடங்களுக்கே அந்தத் தரம் பொருந்தும். அதற்கு மேல் ஓடும் நீரில் வழக்கமான வீட்டின் வலிமையை நம்புவதற்கில்லை.

சிட்னியின் சின்னஞ்சிறு கட்டடங்களும் இந்த விதிகளுக்குள் வந்தன. 2009 முதல், 450 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் 60 சதுர மீட்டர் வரையுள்ள கிரானி ஃபிளாட்டை, அதாவது சிறு துணை வீட்டை, விரைவு அனுமதியில் கட்ட வழி பிறந்தது. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்காகவும் வாடகை வருமானத்துக்காகவும் தமிழ்க் குடும்பங்களும் இதை நாடுகின்றன. ஆனால் வெள்ள நீர் பாயும் பாதை, தேங்கும் இடம், உயர் அபாயப் பகுதி ஆகியவற்றில் விரைவு அனுமதி கிடைக்காது. பின்முற்றத்தில் போடும் அடைத்த வேலிகூட நீரின் பாதையைத் திருப்பி அயலார் வீட்டுக்குள் அனுப்பிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தக் கண்டிப்பு புரியும்.

5. எல்லை விரிந்த காலம்

2007இல் மாநில அரசு ஒரு கட்டுப்பாடு விதித்தது. நூற்றில் ஒரு பங்கு வெள்ளமும் அரை மீட்டரும் என்ற மட்டத்துக்கு மேலுள்ள நிலத்தில், விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலொழிய, குடியிருப்புகள்மேல் கவுன்சில்கள் வெள்ள நிபந்தனை விதிக்க முடியாது. வீட்டு வசதியைப் பெருக்குவதற்கு இது உதவியது. அரிதான பெருவெள்ளத்தைப் பற்றிய சிந்தனையை அது ஓரங்கட்டியது. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மாற்றம் அந்தக் கட்டை அவிழ்த்தது. பாதுகாப்பாக வெளியேறும் வழி, மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்கள் ஆகியவற்றைக் கருதி, பெருவெள்ள எல்லை வரை யோசிக்கக் கவுன்சில்களுக்கு இடம் கிடைத்தது. 2021இலும் 2022இலும் ஹாக்ஸ்பரி அடுத்தடுத்துப் பெருகியதும், லிஸ்மோர் நகரம் 2022இல் முழுகியதும் மேரி ஓ'கேன், மிக் ஃபுல்லர் தலைமையிலான மாநில அரசு விசாரணைக்கு வழிவகுத்தன. 2023இல் புதிய வெள்ள அபாய மேலாண்மைக் கையேடு மாநில அரசின் 2005ஆம் ஆண்டுக் கையேட்டின் இடத்தைப் பிடித்தது.

2016இல் கவுன்சில்கள் இணைக்கப்பட்ட பின்னும் டூங்கபி பரமட்டா, கம்பர்லாந்து, பிளாக்டவுன் என்ற மூன்றின் எல்லைகளுக்குள் பிரிந்தே கிடக்கிறது. ஒரே ஓடையின் கரைகளில் வாழ்வோர் வெவ்வேறு விதிப்புத்தகங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அறக்கட்டளை கலைந்துவிட்டாலும் அது வகுத்த தேக்க விதிகளை இப்பகுதியின் கவுன்சில்கள் தம் விதிகளில் வைத்திருப்பதே அவற்றுக்கிடையிலான பொது இழை.

முடிவுரை

மேட்டுக்குப் போகச் சொன்ன காலம், கோடு கிழித்த காலம், தரையை உயர்த்தச் சொன்ன காலம் ஆகிய மூன்றும் தனி வீட்டைக் காப்பதையே எண்ணின. நீரைத் தேக்கு என்ற விதிதான் வீடு தன் கீழே உள்ள வீட்டுக்கும் கடமைப்பட்டது என்று சொன்னது. ஆனால் அந்தக் கடமை கட்டி முடித்த நாளோடு தீர்வதில்லை. தொட்டியைப் பேணும் பொறுப்பு நிலப் பத்திரத்திலேயே பதிவாகி, வீடு கைமாறும்போது வாங்குபவர்மேல் வந்து சேர்கிறது. நம் ஊர்களில் ஊரார் கூடிப் பேணும் குடிமராமத்து தளர்ந்தபின் ஏரிகள் தூர்ந்ததையும், 2015 வெள்ளத்தில் சென்னை பட்ட பாட்டையும் அறிந்தவர்களுக்கு, பேணப்படாத நீர்நிலை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. வெளிவாயைக் காக்கும் வலைத்தட்டில் இலை அடைத்த தொட்டி, விதிப்புத்தகத்தில் மட்டுமே இருக்கும் தொட்டி.

எனவே டூங்கபியிலும் சுற்றுப்புறங்களிலும் வீடு வாங்குவோர், கட்டுவோர் செய்ய வேண்டியவை மூன்று. ஒப்பந்தத்துடன் வரும் திட்டமிடல் சான்றிதழில் வெள்ளம் பற்றிய பகுதியைப் படியுங்கள். பத்திரத்தில் தேக்கத் தொட்டி பற்றிய பதிவு இருக்கிறதா என்று வழக்கறிஞரைக் கேளுங்கள். இருந்தால், மழைக்காலத்துக்கு முன் அதன் மூடியைத் திறந்து வலைத்தட்டைத் துப்புரவு செய்யுங்கள். அந்த அரைமணி நேர வேலை, ஓடைக்கரையில் வாழும் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டைக் காக்கும்.