மலையிலிருந்து இறங்கிய மண்

மழைக்காலத்திற் பேராதனைப் பாலத்தின்மீது நின்று மகாவலி கங்கையைப் பார்ப்போர், அதன் நீர் செந்நிறமாய்க் கலங்கி ஓடக் காண்பர். அந்நிறம் ஆற்றுக்கு உரியதன்று, மலைக்கு உரியது. அம்மண் பெருமளவிற் கீழிறங்கத் தொடங்கிய வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கு உட்பட்டதே.

கண்டி மன்னர் காலத்தில் மக்கள் பள்ளத்தாக்குகளிலே படிப்படியாக வரம்பு கட்டி நெல் விளைத்தனர். சேனைப் பயிருக்காக அழித்த சில இடங்கள் நீங்கலாக, உயர்ந்த சரிவுகளைக் காடே மூடியிருந்தது. மழைத்துளியின் வேகத்தை இலைகள் தணித்தன; சருகு நீரை உறிஞ்சியது; வேர்கள் மண்ணைப் பற்றி நின்றன.

1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. உரிமை நிறுவப்படாத காடுகளை 1840 ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் உடைமையாகக் கருதியது. காடுகள் விற்கப்பட்டன, வெட்டி எரிக்கப்பட்டன, கோப்பி நடப்பட்டது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் அப்பயிரை அழித்தது. கோப்பி மறைந்த அதே சரிவுகளிலே தேயிலை வந்தது. பயிர் மாறியதேயன்றி மண்ணுக்கு ஓய்வு கிட்டவில்லை.

புல் பூண்டின்றித் துப்புரவாயிருப்பதே நல்ல தோட்டம் என்பது அக்காலத் துரைமார் பலரின் எண்ணம். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் சுரண்டியால் நிலத்தைச் சுரண்டினர். அவர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்கள், நிலம் அவர்களுடையதன்று. களை நீங்கிய வெறுந்தரையை மழை அரித்துச் சென்றது.

எச்சரித்தவர் இல்லாமலில்லை. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காக்கவேண்டுமென 1873 இல் தாவரவியலறிஞர் யோசேப்பு ஊக்கர் எடுத்துரைத்தார். அவ்வுயரத்திற் பெருங்காடுகள் சில இன்றும் எஞ்சியிருப்பதற்கு அந்த அறிவுரையும் ஒரு காரணமாகும். மண்காப்புச் சட்டமோ 1951 இலேதான் பிறந்தது. பின்னர் நுவரெலியா, வெலிமடைப் பகுதிச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பெருகின. ஆண்டிற் பலமுறை கொத்தப்படும் நிலம் மழைக்கு இன்னும் எளிதில் இரையாகிறது.

கரைந்த மண் எங்கே போயிற்று? 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை நீர்த்தேக்கத்திலும், 1990 இன் இரந்தம்பையிலும் வண்டலாய்ப் படிந்து, நீருக்குரிய இடத்தை அது கவர்ந்துகொள்கிறது. மலையின் நட்டம் சமவெளி உழவனின் நட்டமுமாகிறது.

பரிகாரம் அரியதன்று. சரிவுக்குக் குறுக்கே கல்லணையும் கானும் அமைத்தலும், நிழல்மரம் வளர்த்தலும், வெறுந்தரையைப் புல்லால் மூடுதலும் போதிய பயன் தரும். ஆயினும் இவற்றின் பலன் பல ஆண்டுகள் சென்றே தோன்றும். அத்தனை காலம் நிலம் தன்னிடம் இருக்குமென்ற உறுதி உடையவனே இவற்றைச் செய்வான். ஆகவே, மலைமண்ணைக் காக்க விரும்புவோர், அம்மண்ணிலே தலைமுறைகளாய் உழைப்போரின் காணியுரிமையையும் எண்ணுதல் வேண்டும்.