சிங்கப்பூரில் தாதிமைக் கல்வி

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு நான்காவதாக அவர் எண்ணுவது உழைச்செல்வானை. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே இருந்து மருந்தை இயற்றித் தருபவர் உழைச்செல்வார். அவருக்கு வேண்டும் பண்புகளைக் கூறும் பரிமேலழகர், நோயாளியிடத்து அன்பு, தூய்மை ஆகியவற்றோடு அறிவுடைமையையும் சேர்த்தே உரைக்கிறார். அன்பும் தூய்மையும் வேண்டும் என்பதை உலகம் எளிதில் ஒப்புக்கொண்டது. அறிவும் வேண்டும், அதனை முறையாகக் கற்பித்தாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் நெடுங்காலம் பிடித்தது. சிங்கப்பூரில் தாதிமைக் கல்வி வளர்ந்த வரலாறு இந்த ஒப்புதலின் வரலாறே எனலாம்.

1825-ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டனர். சாலை போட்டவர்களும் கட்டடம் எழுப்பியவர்களும் அவர்களே என்பது பலரும் அறிந்த செய்தி. நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டியதும் புண்ணைக் கழுவியதும் அவர்களுள் சிலரே என்பதை அறிந்தோர் சிலர். அவர்களுக்குப் பாடமும் இல்லை, தேர்வும் இல்லை. பிழைத்தவர் பிழைத்தார்.

1885-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், பிரெஞ்சுக் கன்னிமாடத்துச் சகோதரிகள் சிப்பாய் லைன்ஸ் பகுதியில் இருந்த பொது மருத்துவமனையில் பணியேற்றனர். (இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்த இடமாதலின் அப்பெயர் வந்தது.) ஆகஸ்டு முதல் நாளே இன்றும் சிங்கப்பூரில் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. சகோதரிகளிடம் தொண்டுள்ளம் இருந்தது. முறையான பயிற்சி இருக்கவில்லை. இலண்டனில் நைட்டிங்கேல் அம்மையாரின் பயிற்சிப் பள்ளி 1860-இலேயே தோன்றிவிட்டது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-இல் தாதியர் பயிற்சி தொடங்கியது. அந்தக் காற்று சிங்கப்பூரை எட்டச் சற்றுத் தாமதமாயிற்று. 1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து பயிற்சி பெற்ற தாதியர் வரவழைக்கப்பட, சகோதரிகள் விலகினர்.

உள்ளூர்ப் பெண்களுக்கான கல்வி பிள்ளைப்பேற்றில் கால் ஊன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. மலாய்க் குடும்பங்களில் பீடான், தமிழ்க் குடும்பங்களில் மருத்துவச்சி என்று, கைப்பழக்கமே கல்வியாகக் கொண்ட முதிய பெண்களே பேறு பார்த்துவந்தனர். அவர்களைப் பழிப்பது அறமன்று. இருட்டறையில் அவர்கள் காப்பாற்றிய உயிர்களும் பல. எனினும், கழுவாத கையும் கொதிநீரில் இடாத கத்தியும் நஞ்சைக் கொண்டு செல்லும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் 1847-இல் கை கழுவுமாறு கூறியபோது மெத்தப் படித்த மருத்துவர்களே அதனை ஏற்க மறுத்தனர் என்பதையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேறுகாலப் பயிற்சி முறைப்படுத்தப்பட்டது. 1915-இல் மருத்துவச்சிகளுக்கான சட்டம் வந்தது.

இதன் தொடர்ச்சியாகவே சிராங்கூன் சாலைக்கு அருகில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இலவசப் பிரசவ மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. மலாய் மொழியில் கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். மாட்டு வாணிகமும் பால் வாணிகமும் செழித்திருந்த அவ்வட்டாரத்தில் தமிழர் தம் வாழ்வின் சுவடு அப்பெயரிலேயே பதிந்திருக்கிறது. தாய்மார்களுக்கு 30 படுக்கைகளுடன் தொடங்கிய அம்மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூறுக்கும் மேல்! ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த பிறப்புகளுக்கான உலகச் சாதனையாக அது ஏற்கப்பட்டது. பேறுகாலப் பயிற்சிக்கு வந்த மாணவியருக்கு அதைவிடப் பெரிய பாடசாலை வேறெங்கும் இருந்திருக்க இயலாது. தாயின் வயிற்றைத் தொட்டே சிசுவின் தலை எப்பக்கம் உள்ளது என்று அறிதல், குழல் வைத்துச் சிசுவின் இதயத் துடிப்பை எண்ணுதல், வலியின் இடைவெளியைக் கடிகாரம் பார்த்துக் குறித்தல் ஆகியவற்றை அவர்கள் அங்கே பயின்றனர்.

இடையில் போர் வந்தது. 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதன் தலைவி லட்சுமி சுவாமிநாதன் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்தவர். அப்படையில் சேர்ந்தோருள் ஒரு பகுதியினர் தாதிமைப் பயிற்சிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டு, சாந்த் பீபி தாதியர் பிரிவு உருவாயிற்று. படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களுள் பலர் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். தோட்டத்தில் அவர்கள் கண்ட மருத்துவ உலகம் பெரும்பாலும் டிரஸர் ஐயாவோடு முடிந்துபோன உலகம்.

போருக்குப் பின்னரே கல்வி சட்டத்தின் துணையைப் பெற்றது. 1949-இல் தாதியர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1956-இல் பொது மருத்துவமனையை அடுத்துத் தாதிமைப் பள்ளி நிறுவப்பட்டது. மருத்துவர்களுக்கான பள்ளி 1905-இலேயே தோன்றியிருந்ததை நோக்க, உழைச்செல்வாருக்கு ஒரு பள்ளி கிடைக்க மேலும் ஐம்பத்தோர் ஆண்டுகள் ஆயின என்பது தெரியவரும்.

மூன்றாண்டுப் படிப்பு அது. உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், உணவியல், மருந்தியல், உளவியல் எனப் பாடங்கள் விரிந்தன. பாதி நாள் ஏட்டிலும் பாதி நாள் வார்டிலும் கழிந்தன என்று சொல்வதும் குறைவே. வார்டே பெரிய ஏடு. முதற்பாடங்களுள் ஒன்று படுக்கை விரித்தல். இதற்கும் ஒரு கல்வியா என்று நகைப்பவர் உண்டு. விரிப்பில் ஒரு சுருக்கம் கிடந்தால் அசைய இயலாத முதியவரின் முதுகில் அது அழுந்தும். அழுந்திய இடத்தில் குருதியோட்டம் குன்றும். தோல் சிவந்து, பின் உரிந்து, புண்ணாகி எலும்புவரை செல்லும். ஆகவேதான் விரிப்பை இழுத்து மடிக்கும் முறையும், நோயாளியை உரிய நேரத்திற்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கும் முறையும் பாடமாயின. மருந்து தருவதிலும் அவ்வாறே. உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என்னும் ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்த்தாக வேண்டும். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளினால் மருந்து பத்து மடங்காகிவிடும். இந்தக் கணக்கைப் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்த இளம்பெண்கள் பிழையின்றிப் போட்டாக வேண்டியிருந்தது.

இப்பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. தமிழ்ப் பள்ளியில் மட்டும் பயின்ற பெண்ணுக்கு அக்கதவு எளிதில் திறக்கவில்லை. தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலாது என்பது இதற்குக் காரணம் ஆகாது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1860-களில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார், ஆக்குவித்தார். சிங்கப்பூரில் நான்கு மொழிகள் புழங்கும் வார்டுக்கு ஒரு பொதுமொழி தேவைப்பட்டது உண்மை. அத்தேவை நிறைவேறியபோது தமிழ்ச் சொற்களைத் தேடும் தேவை மறக்கப்பட்டதும் உண்மை. தமிழ்நாட்டார் செவிலியர் என்பர்; இங்கும் இலங்கையிலும் தாதியர் என்பதே வழக்கு. செவிலி சங்க இலக்கியத்துத் தலைவியை வளர்த்த தாய். எச்சொல் ஏற்றது என்று வாதிடுவோர் இரு சொற்களுமே வளர்ப்புத் தாயைக் குறித்தவை என்பதை மறந்துவிடுகின்றனர்.

1992-இல் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமைப் பட்டயப் படிப்பு தொடங்கியது. 2006-இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பும் வந்தது. ஆண்களும் இன்று இப்படிப்பில் சேர்கின்றனர். 2003-ஆம் ஆண்டு சார்ஸ் நோய் பரவியபோது டான் டோக் செங் மருத்துவமனையே அந்நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. தீவில் 33 பேரின் உயிரைக் குடித்த அந்நோய் மருத்துவமனைப் பணியாளரையும் விட்டுவைக்கவில்லை. முகக்கவசத்தை அணியும் முறையைவிடக் கழற்றும் முறையில்தான் ஆபத்து மிகுதி என்பது அதன்பின் எல்லாத் தாதியரும் உணர்ந்த பாடமாயிற்று.

இன்றைய மாணவர் வலியைச் சுழியம் முதல் பத்து வரையுள்ள எண்ணால் கேட்டுக் குறிக்கப் பயில்கின்றனர். சிராங்கூன் சாலையில் வாழும் தமிழ் மூதாட்டியிடம் அந்த எண்ணைக் கேட்டால் அவர் எண் சொல்வதில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், விண்விண் என்று தெறித்தல் என வலியின் வகையைச் சொல்வார். நெஞ்சு கரிக்கிறது என்றால் பெரும்பாலும் அது வயிற்றுப் புளிப்பு மேலெழுவது. நெஞ்சை அடைக்கிறது என்றால் இதயத்தை உடனே சோதித்தாக வேண்டும். இரண்டையும் நெஞ்சுவலி என்று ஒரே சொல்லில் மருத்துவரிடம் மொழிபெயர்த்தால், முதல் நோயாளிக்கு வீண் அச்சமும் இரண்டாம் நோயாளிக்கு ஒருவேளை வீண் தாமதமும் நேரும். இவ்வேறுபாட்டை அறிந்த தாதி அதனைக் கற்றது தன் பாட்டியிடமோ தமிழ் வகுப்பிலோதான்.