ஜெகதீஷ் மூடெரா

ஜெகதீஷ் எஸ். மூடெரா, கணினி வன்தட்டின் வாசிப்புத் தலைக்கு அடிப்படையான காந்தச் சந்தியை அறை வெப்பநிலையில் இயங்கவைத்தவர்களுள் ஒருவர். மைசூர் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து, 1978இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1981இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பிரான்சிஸ் பிற்றர் காந்த ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் முதுநிலை ஆய்வு விஞ்ஞானி.

அவர் போய்ச் சேர்ந்தது பொருத்தமான இடம். ரொபேர்ட் மெசர்வியும் போல் டெட்ரோவும் 1970களின் தொடக்கத்திலேயே அங்கே ஒரு முறையைக் கண்டிருந்தார்கள். காந்த உலோகத்துக்கும் மீகடத்திக்கும் நடுவே மிக மெல்லிய காவலிப் படலம் இருந்தால், இலத்திரன்கள் அதை ஊடறுத்துப் பாயும்; அப்படிப் பாய்பவற்றில் எவ்வளவு பங்கு ஒரே திசைச் சுழற்சி கொண்டவை என்று அளந்துவிடலாம். அந்த மீகடத்திக்கோ திரவ ஹீலியக் குளிர் வேண்டும்.

இரு பக்கமும் காந்த உலோகமே இருந்தால்? அதுதான் காந்தச் சந்தி. இரண்டின் காந்தத் திசையும் ஒன்றானால் மின்தடை குறையும், எதிரானால் கூடும். பிரான்சில் மிஷேல் ஜூலியர் 1975இல் இதைச் செய்து காட்டி, 4.2 கெல்வினில் சுமார் 14 வீத மாற்றம் கண்டார். பின் வந்த இருபது ஆண்டில் அறை வெப்பநிலையில் சில வீதத்துக்கு மேல் எவருக்கும் கிட்டவில்லை. குற்றம் படலத்தில் இருந்தது: கீழ் உலோகம் கரடுமுரடாக இருந்தாலோ, படலத்தில் ஊசிமுனைத் துவாரம் விழுந்தாலோ சந்தி வீண்.

மூடெராவின் கெட்டித்தனம் படலம் பூசுவதில்தான். கோபால்ற்று–இரும்புக் கலப்புலோகப் பட்டியின் மேல் ஒன்றிரண்டு நனோமீற்றர் தடிப்பில் அலுமினியத்தைப் படியவிட்டு, ஒட்சிசன் மின்னிறக்கத்தில் அதை ஒட்சைட்டாக்கி, குறுக்கே கோபால்ற்றுப் பட்டியை இட்டார்கள். 295 கெல்வினில் தடைமாற்றம் 11.8 வீதம். 1995இல் வெளியான அந்தக் கட்டுரையில் மெசர்வியும் ஓர் ஆசிரியர். அதே ஆண்டில் யப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் தெருநொபு மியசாகியின் குழுவும் வேறு வழியால் இதே முடிவை எட்டியது.

வன்தட்டில் தரவுப்புள்ளி சிறுக்கச் சிறுக்க அதன் காந்தப்புலமும் மெலியும். ஆகவே சிறு புலத்துக்கும் தடை மாறும் தலை உற்பத்தியாளருக்கு அவசியமாயிற்று. 2000களின் நடுப்பகுதியில் இச்சந்தித் தலைகள் சந்தைக்கு வந்தன. அதற்குப் பின் செய்த வன்தட்டுக் கணினி ஊர்காவற்றுறைப் பாடசாலையில் இருந்தாலும் பெரும்பாலும் இந்தப் பௌதிகத்தால்தான் கோப்பை வாசிக்கிறது. அலுமினிய ஒட்சைட்டின் இடத்தை மக்னீசியம் ஒட்சைட்டு பிடித்துக்கொண்டது. 2004இல் ஸ்ருவட் பார்க்கினும் ஷின்ஜி யுவாசாவும் தனித்தனியே அதில் 200 வீதத்தை அண்டிய மாற்றம் காட்டினார்கள். மின் நின்றாலும் தரவு அழியாத காந்த நினைவகச் சில்லும் இதே சந்தியின் பிள்ளை.

2009இல் அமெரிக்கப் பௌதிகக் கழகத்தின் ஒலிவர் பக்லி பரிசு மூடெரா, மெசர்வி, டெட்ரோ, மியசாகி நால்வருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. யப்பானியப் போட்டியாளரையும் சேர்த்துக்கொண்டது நியாயமான தீர்ப்பு.

பிற்காலத்தில் மூடெரா தரவுச் சேமிப்பை விட்டு, உள்ளே மின்னைத் தடுத்து மேற்பரப்பில் மட்டும் கடத்தும் இடவியற் காவலிகளுக்கும் மீகடத்திகளுக்கும் போனார். தங்க நனோகம்பியின் மேல் யூரோப்பியம் சல்பைட்டுத் திட்டுகளை இட்டு, தமக்குத் தாமே எதிர்த்துகளாக அமையும் மயோரானா நிலைகளின் அறிகுறி கண்டதாக அவரது குழு 2020இல் அறிவித்தது. அங்கும் கைவேலை பழையதுதான்: சுத்தமான மேற்பரப்பில் மெல்லிய படலம்.