பயாஸ் புதுப்பித்தலுக்குப் பின் எழும் கோளாறுகள்

கணினியின் மதர்போர்டில் உள்ள பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் சில கணினிகளில் சிக்கல்கள் தோன்றுகின்றன. திரை இருண்டு கிடப்பது, விண்டோஸுக்குப் பதில் நீலத்திரை வருவது, பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்பது, கணினி மந்தமாவது ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. மதர்போர்டு பழுதாகிவிட்டது என்று பலரும் அஞ்சினாலும், பெரும்பாலும் நடந்திருப்பது வேறு. பயனர் முன்பு செய்துவைத்த அமைப்புகள் அழிந்து, தயாரிப்பாளர் வைத்த இயல்புநிலை திரும்பியிருக்கும். ஆகவே விண்டோஸை ஃபார்மட் செய்வதற்கு முன்பே சரிபார்க்க வேண்டியவை பல உள்ளன.

பின்னணி

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியுடன் பயாஸ் பரவலானது. 2005இல் அமைந்த யூஇஎஃப்ஐ மன்றம் அதன் இடத்துக்கு வந்த புதிய தரத்தை வளர்த்தது. இன்றைய கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐதான் என்றாலும், பேச்சு வழக்கில் பயாஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது. இது மதர்போர்டில் உள்ள சிறிய ஃபிளாஷ் சில்லில் பதிந்திருக்கும். அண்மைக்கால மதர்போர்டுகளில் இச்சில்லின் கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைட்.

புதிய பிராசசரை ஏற்கவும், பாதுகாப்புக் குறைகளை அடைக்கவும், பிழைகளைத் திருத்தவும் புதுப்பித்தல் தேவைப்படுகிறது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, மின்னழுத்தச் சிக்கலால் நிலைகுலைந்தன. அதைத் தடுக்கும் மைக்ரோகோடு 2024இல் பயாஸ் புதுப்பிப்புகள் வழியாகவே பயனர்களை அடைந்தது. 2023இல் ஏஎம்டி ரைசன் 7000 வரிசையின் சில பிராசசர்கள் கருகியபோதும், எஸ்ஓசி மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் புதிய பயாஸ் வெளியானது. இத்தகைய புதுப்பிப்புகளைத் தவிர்ப்பது வன்பொருளுக்கே கேடாக முடியும்.

எந்தக் கட்டத்தில் நின்றது?

கணினி தொடங்கும்போது பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ், தொடக்க வட்டு ஆகியவை சோதிக்கப்படுகின்றன. பல மதர்போர்டுகளில் இவற்றுக்கென சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று குறிக்கப்பட்ட நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் எரிகிறதோ அந்தக் கட்டத்தில் கணினி நின்றிருக்கிறது. விளக்கு இல்லாத பலகைகளில், ஸ்பீக்கர் பொருத்தியிருந்தால், பீப் ஒலிகளின் எண்ணிக்கையும் நீளமும் குறையைக் காட்டும். அவற்றின் பொருள் மதர்போர்டின் கையேட்டில் இருக்கும்.

திரை வராத நிலை

முதலில் தேவைப்படுவது பொறுமை. புதுப்பித்தபின் முதல்முறை தொடங்கும்போது மதர்போர்டு ரேமுக்கு ஏற்ற நேர அளவுகளைப் புதிதாகக் கணக்கிடுகிறது. டிடிஆர்5 ரேம் உள்ள கணினிகளில், குறிப்பாக ஏஎம்5 சாக்கெட் கொண்டவற்றில், இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். அதுவரை விசிறிகள் சுழலும், டிராம் விளக்கு எரியும், திரையில் எதுவும் வராது. கணினி தானாக அணைந்து மீண்டும் இயங்குவதும் உண்டு. இந்நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தினால் கணக்கீடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே கால் மணி நேரமாவது காத்திருப்பது நல்லது.

அதன்பிறகும் திரை வராவிட்டால், பயாஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் சிமாஸ் நினைவை அழிக்க வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினால் எஞ்சிய மின்சாரம் வடியும். பிறகு கையேடு காட்டும் இரண்டு முள்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஏறத்தாழ 10 நொடிகள் இணைத்துப் பிடிக்க வேண்டும். அம்முள்கள் இல்லையென்றால், நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்து மீண்டும் பொருத்தலாம். பிறகு ஒரே ஒரு ரேம் குச்சியை மட்டும் செருகி இயக்கிப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் தொடங்காத நிலை

பயாஸ் திரை வந்தும் விண்டோஸ் வரவில்லையென்றால் மூன்று அமைப்புகளைப் பார்க்க வேண்டும். முதலாவது, பூட் வரிசை. விண்டோஸ் உள்ள வட்டு முதலிடத்தில் இருக்கிறதா, அதன் பெயர் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று காட்டப்படுகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். இரண்டாவது, சிஎஸ்எம் எனப்படும் பழைய பயாஸ் ஒத்திசைவு. எம்பிஆர் முறையில் பிரித்த பழைய வட்டிலிருந்து விண்டோஸ் தொடங்க இது தேவை. புதுப்பிப்பு இதை அணைத்திருந்தால் கணினிக்கு வட்டிருந்தும் தொடக்க வழி தெரியாது. மூன்றாவது, வட்டுக் கட்டுப்பாட்டு முறை. முன்பு ஏஎச்சிஐ முறையில் இருந்தது ரெய்டுக்கோ, இன்டெல் விஎம்டி முறைக்கோ மாறியிருந்தால் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத்திரை வரும். பழைய முறைக்கு மாற்றிச் சேமித்தாலே விண்டோஸ் வழக்கம்போல் திறக்கும்.

விண்டோஸுடன் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் நேரலாம். பயாஸில் பதிந்திருந்த தொடக்கப் பதிவு அழிந்து, கணினி நேராக விண்டோஸுக்குள் போய்விடும். லைவ் பென்டிரைவில் லினக்ஸைத் தொடங்கி, efibootmgr கருவியால் அப்பதிவை மீண்டும் உருவாக்கலாம். வட்டில் உள்ள லினக்ஸுக்கு எந்தச் சேதமும் நேர்ந்திருக்காது.

பிட்லாக்கரும் டிபிஎம்மும்

விண்டோஸின் வட்டுப் பூட்டு வசதியான பிட்லாக்கரின் திறவுகோலை டிபிஎம் என்னும் பாதுகாப்புப் பகுதி காக்கிறது. பயாஸ் மாறியதும், அது முன்பு கண்ட கணினி இதுதான் என்ற உறுதி குலைவதால், விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாகப் பூட்டப்பட்ட கணினியென்றால், வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ அக்கணக்கில் நுழைந்து சாவியைப் பார்க்கலாம். சாவி எங்கும் இல்லையென்றால் தரவை மீட்பது அரிது.

ஏஎம்டி கணினிகள் சிலவற்றில், பிராசசரிலேயே அமைந்த டிபிஎம்மான எஃப்டிபிஎம்மின் தரவை அழிக்கலாமா என்று ஒய், என் என்ற இரு எழுத்துகளுள் ஒன்றைக் கேட்கும் திரை வரும். வட்டு பூட்டப்பட்டிருந்து, மீட்புச் சாவியும் கையில் இல்லாதபோது ஒய்யை அழுத்தவே கூடாது. என் என்ற எழுத்தை அழுத்தினால் பழைய பதிவு காக்கப்பட்டுக் கணினி தொடரும்.

வேகக் குறைவும் பிற மாற்றங்களும்

ரேமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பு அணைந்தால் டிடிஆர்4 3200 ரேம் 2133 அல்லது 2400 வேகத்திலும், டிடிஆர்5 6000 ரேம் 4800 வேகத்திலும் ஓடக்கூடும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்தால் இதை உடனே காணலாம். விசிறி வேக அமைப்பும், மெய்நிகராக்க வசதியும் இதேபோல் அணைந்திருக்கலாம். விர்சுவல்பாக்ஸ் திடீரென இயங்க மறுத்தால், இன்டெல் கணினிகளில் விடி-எக்ஸ், ஏஎம்டி கணினிகளில் எஸ்விஎம் என்னும் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

புதுப்பித்தல் பாதியில் நின்றால்

எழுதும்போது மின்சாரம் போய்விட்டால் சில்லில் அரைகுறைப் பதிவே எஞ்சும். பல மதர்போர்டுகளில் உள்ள பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இதற்காகவே உள்ளது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிய கோப்பை ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் வைத்து, கையேடு சொல்லும் பெயரை இட வேண்டும். பென்டிரைவை அதற்கெனக் குறிக்கப்பட்ட யூஎஸ்பி துளையில் செருகி, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மின்சாரம் தந்து, கணினியை இயக்காமல் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு மின்னத் தொடங்கும். அது அணையும்வரை எதையும் தொடக் கூடாது. சில நொடிகளிலேயே விளக்கு மின்னுவது நின்றால், கோப்பின் பெயரையும் பென்டிரைவின் வடிவத்தையும் சரிபார்க்க வேண்டும்.

பொத்தான் இல்லாத பலகையில் ஃபிளாஷ் சில்லைத் தனிக் கருவி கொண்டு மறுபடி எழுதலாம். சில்லுகள் 3.3 வோல்ட், 1.8 வோல்ட் என இரு வகைப்படும். தவறான மின்னழுத்தம் சில்லைச் சிதைக்கும். பழைய பதிவை முதலில் நகலெடுப்பதும் அவசியம். ஆகவே இது அனுபவமுள்ள தொழில்நுட்பரின் வேலை.

முன்னெச்சரிக்கை

புதுப்பிக்கும் முன் பிட்லாக்கரை இடைநிறுத்தி, மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது, பிறகு அமைப்புகளை மீட்கப் பேருதவியாக இருக்கும். மதர்போர்டின் மாதிரி எண்ணோடு திருத்தப் பதிப்பு எண்ணையும் ஒப்பிட்டே கோப்பை இறக்க வேண்டும். மின்வெட்டு நேரும் ஊர்களில் யூபிஎஸ் கட்டாயம். சில பதிப்புகளிலிருந்து பழையதற்குத் திரும்ப முடியாது என்பதால், வெளியீட்டுக் குறிப்பைப் படித்தபின்பே முடிவெடுக்க வேண்டும். முக்கியக் கோப்புகளின் நகல் இல்லாத கணினியில் பயாஸைப் புதுப்பிக்கவே கூடாது.