வேன் கூரையில் ஒரு தரிசனம்

2020 பிப்ரவரி. நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு. 5ஆம் தேதி வருமான வரித்துறை அதிகாரிகள் படப்பிடிப்புத் தளத்துக்கே வந்து, ‘பிகில்’ படக் கணக்கு தொடர்பான விசாரணைக்காக விஜயைச் சென்னைக்கு அழைத்துப்போனார்கள். விசாரணை முடிந்து அவர் திரும்பினார். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சினிமா எடுக்க எப்படி அனுமதித்தார்கள் என்று கேட்டு பாஜகவினர் வாயிலில் போராடினார்கள். செய்தி பரவியதும் சுற்றுவட்டார ரசிகர்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். அதன்பிறகு சாயங்காலம் ஆனால் போதும், சுரங்க வாயிலில் திருவிழாக் கூட்டம்.

அப்படி ஒரு மாலையில் விஜய் வெளியே வந்து ஒரு வேனின் கூரைமீது ஏறினார். கையசைத்தார், கும்பிட்டார், செல்போனை எடுத்துக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். நெய்வேலிக்கு நன்றி சொல்லி மறுநாள் அவர் ட்விட்டரில் போட்ட அந்தப் படம்தான் அந்த வருடம் இந்தியாவில் அதிகம் பேர் மறுபகிர்வு செய்த பதிவு. படத்தின் முன்னால் ஒரு முகம். பின்னால் தலையும் கையுமாக ஒரு கடல். அந்தக் கடலில் ஒருவர் முகம்கூடத் தனியாகத் தெரியாது. ஆனாலும் அங்கே நின்றவர்களைக் கேட்டால் தாங்கள் நின்ற இடத்தைத் துல்லியமாக விரல் வைத்துக் காட்டுவார்கள்.

ரசிகனின் வெறியைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு வெளியே எடுத்த திகில் படங்களில் இந்தக் கடல் இருக்காது. அங்கே ரசிகன் தனி ஆள். 1990இல் வந்த ‘மிசரி’யில் விபத்தில் சிக்கிய எழுத்தாளரைக் காப்பாற்றித் தன் வீட்டில் கிடத்துகிறாள் ஒரு வாசகி. தனக்குப் பிடித்த கதாபாத்திரத்தை அவர் சாகடித்துவிட்டார் என்று தெரிந்ததும், அந்தப் பாத்திரத்தை உயிர்ப்பித்து வேறு கதை எழுது என்று உட்காரவைக்கிறாள், தப்பப் பார்த்ததும் கணுக்காலை உடைக்கிறாள். அந்த வேடத்துக்குக் கேத்தி பேட்ஸ் ஆஸ்கர் வாங்கினார். 1996இல் ‘தி ஃபேன்’ படத்தில் ராபர்ட் டி நீரோ பேஸ்பால் வீரர் ஒருவரைத் துரத்தினார். 2016இல் ஷாருக்கான் ‘ஃபேன்’ படத்தில் நட்சத்திரமாகவும், அவரைப் போலவே இருக்கும் ரசிகனாகவும் இரு வேடம் போட்டுத் தன்னைத்தானே துரத்தினார். இவையெல்லாம் வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது. 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் ஜான் லெனனைச் சுட்டவன், சில மணி நேரம் முன்னால் அவரிடமே இசைத்தட்டில் கையெழுத்து வாங்கியவன். 1995இல் பாடகி செலினாவைச் சுட்டுக் கொன்றவர் அவருடைய ரசிகர் மன்றத்தை நடத்தியவர்.

தமிழ்நாட்டில் இந்தக் கதையை நூல் பிடித்துப் போனால் திசை மாறிவிடுகிறது. இங்கே ரசிகன் தலைவன் மேல் கைவைப்பதில்லை. தன் மேலேயே வைத்துக்கொள்கிறான். நெய்வேலியை அடுத்த வடலூர்க்காரர்கள் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நெய்வேலிச் சுரங்கத்துக்கு 1957இல் நேரு வந்து தொடக்கவிழா நடத்துவதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பே அந்த மண்ணில் ஒரு ரசிகர் கதை நடந்துவிட்டது.

வடலூரை அடுத்த கருங்குழியில் அப்போது அருட்பாடல்கள் பாடிய இராமலிங்கர் தங்கியிருந்தார். பாடிய பாடல்களை அச்சில் கொண்டுவர அவருக்கு விருப்பமில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர் சென்னையிலிருந்து பாடல்களைக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். பதில் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் பாடல்கள் வந்து சேரும்வரை நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு என்று முதலியார் விரதம் பூண்டுவிட்டார். இது தெரிந்ததும் இராமலிங்கர் பதறிப்போனார். ஒரு வேளைச் சாப்பாடு என்ற விரதத்தை விடுங்கள், பாடல்களை அனுப்பிவைக்கிறேன் என்று 1860 டிசம்பரில் கடிதம் எழுதினார். யாரும் பசியோடு இருப்பதைத் தாங்காதவர் என்பது ஊருக்கே தெரியும். முதலியாருக்கும் தெரிந்திருக்கும்.

‘மிசரி’ படத்து வாசகி எழுத்தாளரின் காலை உடைத்து வாங்கியதை, இங்கே ஒரு வாசகர் தன் வயிற்றைக் காயப்போட்டு வாங்கினார். பலவந்தம் இரண்டிலும் உண்டு. முன்னதைப் போலீஸ் பிடிக்கும். பின்னதை யார் என்ன செய்ய முடியும்?

முதலியார் வழிக்குக் கொண்டுவந்தாலும் இராமலிங்கர் ஒரு நிபந்தனை வைத்தார். ‘இராமலிங்கசாமி’ என்று தன் பெயரைப் போடுவது தனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று கண்டித்து எழுதினார். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்த திருவருட்பா வெளிவந்தபோது முகப்பில் ‘சாமி’ இல்லை. அதைவிடப் பெரிதாகத் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ இருந்தது. ஒரு பட்டத்தை மறுத்தால் அடுத்த பட்டம் தயாராக இருக்கும் என்பதை அன்றே நிரூபித்தார்கள். இன்று ஊர் அவரை வள்ளலார் என்றுதான் அழைக்கிறது.

2021 டிசம்பரில் நடிகர் அஜித்குமார் ஓர் அறிக்கை விட்டார்: இனி யாரும் ‘தல’ என்று அழைக்க வேண்டாம், அஜித்குமார், அஜித், ஏகே, இவற்றில் எது வேண்டுமானாலும் போதும். அதற்குப் பத்து வருடம் முன்பே, 2011இல், தன் ரசிகர் மன்றங்களையெல்லாம் கலைத்தவர் அவர். விளைவு? ‘தல’ கொஞ்சம் ஓய்ந்தது. 2024இல் தியேட்டர், கல்லூரி, கோயில் வாசல் என்று போன இடமெல்லாம் ‘கடவுளே அஜித்தே’ என்று கோஷம் கிளம்பியது. அந்த டிசம்பரில் அதையும் நிறுத்தச் சொல்லி இன்னொரு அறிக்கை விட வேண்டியதாயிற்று. தொழுவூர் முதலியார் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

சமூக ஊடகத்தில் இரு நடிகர்களின் ரசிகர்கள் இரவெல்லாம் வசைபாடிக்கொள்வதைப் பார்த்துக் காலம் கெட்டுவிட்டது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் வடலூரில் பதில் இருக்கிறது. திருவருட்பா அச்சானதும் இவை அருட்பாவே அல்ல, மருட்பா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பு கிளம்பியது. கண்டனம், கண்டனத்துக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று துண்டுநூல்கள் பறந்தன. 1869இல் விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் ஏறியது. மூலவர்கள் இருவரும் மறைந்த பிறகும் ஆதரவாளர்கள் விடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் புத்தகம் போட்டு ஏசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து வசைத் தமிழுக்கு இன்றைய ட்ரோல் உறைபோடக் காணாது.

சினிமா வந்ததும் இந்த வெறிக்கு ஒரு கட்டமைப்பு கிடைத்தது. பெயர்ப்பலகை, பதிவு எண், கிளைத் தலைவர், மாவட்டத் தலைவர் என்று மன்றம் ஒரு கட்சிபோலவே இயங்கியது. எம்.ஜி.ஆர். 1972இல் திமுகவிலிருந்து நீக்கப்பட்டபோது புதுக்கட்சிக்குக் கிளை தேட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. மன்றங்கள் தயாராக நின்றன. 1987 டிசம்பர் 24 அன்று அவர் இறந்தபோது துக்கம் தாங்காமல் தீக்குளித்தவர்கள் உண்டு.

நெய்வேலி இந்தக் கதைக்குள் மறுபடி வந்தது 2002இல். ஆகஸ்ட் 15 அன்று ரஜினியின் ‘பாபா’ வெளியானது. புகைபிடிக்கும் காட்சிகளுக்காகப் பாமக நிறுவனர் ராமதாஸ் கண்டித்தார். வட மாவட்டங்களில் தியேட்டர்கள் தாக்கப்பட்டன. ஜெயங்கொண்டத்தில் படப்பெட்டியையே தூக்கிப் போய்விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 12 அன்று, காவிரி நீர் தராத கர்நாடகத்துக்கு நெய்வேலி மின்சாரம் போகக் கூடாது என்று பாரதிராஜா தலைமையில் திரையுலகமே நெய்வேலிக்குத் திரண்டு வந்தது. வராதவர் ரஜினி. அவர் மறுநாள் சென்னைச் சேப்பாக்கத்தில் தனியாக உண்ணாவிரதம் இருந்தார். பழுப்பு நிலக்கரி தோண்டும் ஊர், யார் தமிழர் பக்கம் என்று நட்சத்திரங்களை எடைபோடும் தராசானது அந்த வாரத்தில்தான். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் பாமக நின்ற ஆறு தொகுதிகளிலும் அதை எதிர்த்து வேலை செய்யச் சொன்னார் ரஜினி. இந்தப் பக்கத்துச் சிதம்பரம் உட்பட ஆறிலும் பாமகவே ஜெயித்தது. கைதட்டல் வேறு, ஓட்டு வேறு என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சும் நிலைக்கவில்லை. வடலூரிலிருந்து மேற்கே நெய்வேலியைத் தாண்டிப் போனால் விருத்தாசலம். பாமகவின் கோட்டை என்று பெயரெடுத்த அந்தத் தொகுதியில் 2006இல் விஜயகாந்த் நின்றார். கட்சி ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தமிழ்நாடு முழுக்கப் போட்டியிட்ட தேமுதிக ஜெயித்த ஒரே தொகுதி அதுதான்.

நடிகைகளுக்கு இந்தக் கணக்கு வேறு. 1990களின் தொடக்கத்தில் குஷ்புவுக்குத் திருச்சிப் பக்கம் கோயில் கட்டினார்கள். 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி அவர் ஒரு பத்திரிகையில் கருத்துச் சொன்னதும், ஊர் ஊராக வழக்கு, துடைப்பம், நீதிமன்ற வாசலில் முட்டை, தக்காளி. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழக்குகளை மொத்தமாக ரத்து செய்தது. கோயில் கட்டியவர்களும் துடைப்பம் தூக்கியவர்களும் ஒரே ஆட்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நடிகன் இறந்தால் ரசிகன் தன்னை வருத்திக்கொள்வதும், நடிகை வாய்திறந்தால் அவளையே வருத்தக் கிளம்புவதும் ஒரே ஊரில்தான் நடக்கின்றன.

இனி கட்அவுட்டுக்கு ஊற்றும் பால். படம் வெளியாகும் விடிகாலையில் தியேட்டர் முகப்பில் சாரம் கட்டி, கட்அவுட்டின் தோள்வரை ஒருவன் ஏறுவான். கீழிருந்து பால் பாக்கெட்டை ஒவ்வொன்றாக வீச, அவன் பல்லால் கடித்துத் திறந்து தலைவன் நெற்றியில் ஊற்றுவான். பால் கண்வழியே வழிந்து மீசையில் சொட்டும்போது கீழே விசில் பறக்கும். பிளைவுட்டில் கையால் வரைந்த கட்அவுட் போய் ஃபிளெக்ஸ் வந்த பிறகும் சடங்கு மாறவில்லை. விடியற்காலையில் கடை வாசலில் இறக்கிவைத்த பால் திருட்டுப்போகிறது என்று முகவர்கள் சங்கம் புகார் சொன்னது. 2019 ஜனவரியில் சிம்பு, பாக்கெட் போதாது, அண்டாவில் ஊற்றுங்கள் என்று வீடியோவில் பேசிச் சர்ச்சையைக் கிளப்பினார்.

2023 ஜனவரி 11 அதிகாலை, அஜித்தின் ‘துணிவு’ வெளியான அன்று, சென்னையில் ஓடும் லாரிமேல் ஏறி ஆடிய 19 வயது ரசிகர் கீழே குதித்து இறந்தார். அதே வருடம் அக்டோபரில் விஜயின் ‘லியோ’ வெளியானபோது, உயர் நீதிமன்றம்வரை போயும் அதிகாலை நான்கு மணிக் காட்சி கிடைக்கவில்லை. முதல் காட்சி ஒன்பது மணிக்குத்தான்.

வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி காட்டுவார்கள். திரைக்குப் பின்னால் உருவம் எதுவும் இல்லை, விளக்கும் கண்ணாடியும்தான். சபையைக் கட்டிய வள்ளலார் தன் உருவத்தையும் எங்கும் விட்டுவைக்கவில்லை. சென்னையில் மாசிலாமணி முதலியார் எட்டு முறை புகைப்படம் எடுத்தும் வெள்ளாடை மட்டுமே விழுந்தது என்பது பக்தர்கள் சொல்லும் கதை. பண்ருட்டிக் குயவர் ஒருவர் ஆசை ஆசையாக அவரைப்போலவே மண்ணில் ஒரு பொம்மை செய்துகொண்டுவந்து கொடுத்தாராம். வாங்கிப் பார்த்தவர் அதைத் தரையில் போட்டு உடைத்துவிட்டாராம். இன்று வடலூர்க் கடைத்தெருவில் வெள்ளை முக்காடோடு சட்டம் போட்டுத் தொங்கும் படங்களில் இருப்பது, பின்னால் வந்த ஓவியர்கள் கொடுத்த முகம்.