ஐ.ஈ.எல்.ரி.எஸ். வாசிப்புப் பரீட்சைக்குத் தயாராவது எப்படி?

வெளிநாட்டுப் படிப்பு, வேலை, குடியேற்றம் என்று பேச்சு எழும் வீடுகளில் இன்று ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற பெயரும் சேர்ந்தே எழுகிறது. நகையை அடகு வைத்துப் பரீட்சைக் கட்டணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேலாக ரியூசனுக்கும் செலவிடுபவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூட வயதில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் முகாம் கூடாரங்களிலும் படித்த தலைமுறைக்கு ஆங்கிலப் பாடம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அந்த இழப்பு இப்போது ஒரு பரீட்சைப் புள்ளியாக முன்னால் வந்து நிற்கிறது.

கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என்ற நான்கு பகுதிகளில், வகுப்புக்குப் போகாமலே பெருமளவு முன்னேறக்கூடியது வாசிப்பு. எழுத்தையும் பேச்சையும் திருத்த இன்னொருவர் வேண்டும். வாசிப்புக்கு வினாத்தாளும், விடைகளும், பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் இந்தப் பரீட்சை எதைச் சோதிக்கிறது என்பது முதலில் விளங்க வேண்டும்.

எந்தப் பரீட்சை உங்களுக்குத் தேவை?

ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சை பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகியவற்றுக்குக் கூட்டாக உரியது. இதில் அக்கடமிக், ஜெனரல் ட்ரெயினிங் என இரண்டு வகைகள் உள்ளன. பல்கலைக்கழக அனுமதிக்குப் பொதுவாக அக்கடமிக் கேட்கப்படுகிறது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் குடியேற விண்ணப்பிப்பவர் ஜெனரல் ட்ரெயினிங் எழுத வேண்டும். இரண்டிலும் வாசிப்புத் தாள் வேறு வேறானது. மாறிப் பதிந்தால் கட்டிய காசு வீண்.

பிரித்தானியாவில் உள்ள கணவனிடமோ மனைவியிடமோ செல்ல முதன்முறை விசா கேட்பவருக்கு லைஃப் ஸ்கில்ஸ் என்ற சிறிய பரீட்சையின் ஏ1 தரம் போதும். அதில் பேச்சும் கேட்டலும் மட்டுமே உண்டு, வாசிப்பு இல்லை. கனடாவில் உள்ளவர் தன் வாழ்க்கைத்துணையை அனுசரணை செய்து அழைக்கும்போது மொழிப் பரீட்சையே கேட்கப்படுவதில்லை. முகவர் சொல்வதை மட்டும் நம்பாமல், அந்தந்த அரசின் குடிவரவு இணையத்தளத்தைப் பார்த்த பின்னர் பரீட்சைக்குப் பதியுங்கள்.

அறுபது நிமிடம், நாற்பது வினா

வாசிப்புப் பகுதிக்கு 60 நிமிடங்கள், வினாக்கள் 40. அக்கடமிக் தாளில் புத்தகம், சஞ்சிகை, செய்தித்தாள் போன்றவற்றில் இருந்து எடுக்கப்பட்ட மூன்று நீண்ட பந்தித் தொகுதிகள் வரும். ஜெனரல் ட்ரெயினிங் தாளில் முதலாம் பிரிவில் விளம்பரம், அறிவித்தல் போன்ற அன்றாட வாழ்க்கைக்குரியவையும், இரண்டாம் பிரிவில் வேலைத்தலம் சார்ந்தவையும், மூன்றாம் பிரிவில் நீண்ட கட்டுரை ஒன்றும் இருக்கும்.

ஒரு சரியான விடைக்கு ஒரு புள்ளி. பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடக்கூடாது. விடைகளை விடைத்தாளுக்கு மாற்றி எழுத வாசிப்புப் பகுதியில் மேலதிக நேரம் கிடையாது. 60 நிமிடத்துக்குள் அதையும் முடிக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் புள்ளி இல்லை. இரண்டு சொற்களுக்கு மேற்படாமல் எழுதச் சொன்ன இடத்தில் மூன்று சொல் எழுதினாலும் புள்ளி இல்லை.

அக்கடமிக் தாளில் ஏறத்தாழ 23 விடைகள் சரியானால் 6ஆம் தரமும், 30 சரியானால் 7ஆம் தரமும் கிடைக்கும். ஜெனரல் ட்ரெயினிங் தாளில் அதே 30 விடைகளுக்கு 6ஆம் தரமே கிடைக்கும். பந்திகள் இலகுவாக இருப்பதால் கூடுதல் விடைகள் எதிர்பார்க்கப்படுகின்றன.

எம்மவர் சறுக்கும் இடம்

ஒரு கூற்றைத் தந்து, அது பந்தியின்படி ட்ரூவா, ஃபோல்ஸா, நொட் கிவினா என்று கேட்கும் வினாக்களில்தான் பலர் புள்ளியை இழக்கிறார்கள். பந்தி அதையே சொன்னால் ட்ரூ. பந்தி அதற்கு மாறாகச் சொன்னால் ஃபோல்ஸ். பந்தி அதைப் பற்றி எதுவுமே சொல்லாவிட்டால் நொட் கிவின். தமிழிலேயே ஒரு சிறிய பந்தியை வைத்துப் பார்ப்போம்.

"யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது, அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. கட்டடம் பின்னர் மீளக் கட்டப்பட்டு, இன்று வாசகர்களுக்குத் திறந்திருக்கிறது."

முதலாவது கூற்று: கட்டடம் திறக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் எரிக்கப்பட்டது. பந்தியில் இந்தச் சொற்கள் இல்லை. ஆனால் 1959க்கும் 1981க்கும் இடையில் 22 ஆண்டுகள். விடை ட்ரூ.

இரண்டாவது: எரிக்கப்பட்ட கட்டடம் இன்றும் பாழடைந்து கிடக்கிறது. பந்தி இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. விடை ஃபோல்ஸ்.

மூன்றாவது: நூலகத்தை எரித்தது பொலிஸார். இங்கே எம்மவரின் கை தானாகவே ட்ரூ என்று எழுதப் போகும். அன்றைய இரவைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் யார் எரித்தார் என்பது இந்தப் பந்தியில் எழுதப்படவில்லை. ஆகவே விடை நொட் கிவின்.

அப்படி எழுதுவதால் நடந்தது நடக்காததாகி விடாது. நீங்கள் அறிந்ததை மறுப்பதாகவும் ஆகாது. பந்தி எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பதைப் பிரித்தறிந்தீர்களா என்பதுதான் அங்கே கேட்கப்படுகிறது. கடற்றொழிலாளியின் பிள்ளைக்கு மீன்வளம் பற்றிய பந்தி வந்தாலும், கமக்காரரின் பிள்ளைக்கு வரட்சி பற்றிய பந்தி வந்தாலும் இதே பொறி இருக்கும். தெரிந்த விடயம் வரும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும்.

பயிற்சியை எப்படித் தொடங்குவது?

முதல் சில வாரங்களுக்கு மணிக்கூட்டை மறந்துவிடுங்கள். ஒரு பந்தித் தொகுதியை எடுத்து, ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் வினா இலக்கத்தை எழுதுங்கள். கோடிட வரி அகப்படாவிட்டால் அந்த விடை ஊகம்தான். விடைகளைச் சரிபார்த்த பின் பிழைத்தவற்றுக்குத் திரும்பிப் போய், ஏன் பிழைத்தது என்று ஒரு வரியில் குறித்து வையுங்கள். சொல் தெரியவில்லையா, வினாவைச் சரியாக வாசிக்கவில்லையா, சொந்த அறிவை நுழைத்தோமா? பத்துத் தாள்களை ஓட்டமாகச் செய்வதைவிட இரண்டு தாள்களை இப்படி அலசுவது பயன் தரும்.

அடுத்தது சொல் வேட்டை. வினாவில் உள்ள சொல் பெரும்பாலும் பந்தியில் அப்படியே வராது. அதே கருத்து வேறு சொல்லில் வரும். ஒரு கொப்பியை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் வினாவின் சொல்லையும் வலப்பக்கம் பந்தியின் சொல்லையும் எழுதி வாருங்கள். அகராதியை மனனம் செய்வதைவிட இந்தக் கொப்பி உதவும். ஓல், ஒன்லி, மோஸ்ட், ஓல்வேய்ஸ் போன்ற சிறு சொற்களுக்கு வட்டமிடப் பழகுங்கள். "சிலர்" என்று பந்தி சொல்ல, "எல்லோரும்" என்று வினா கேட்கும்.

மூன்றாவதாக நேரத்துக்குப் பழக வேண்டும். ஒரு தொகுதிக்கு 20 நிமிடம் என்று வைத்துத் தொடங்கலாம். பந்தி முழுவதையும் தமிழுக்கு மொழிபெயர்த்து வாசிக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அதற்கு நேரம் போதாது. பந்தியின் தலைப்பையும் ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் பார்த்து எது எங்கே உள்ளது என்று அறிந்துகொண்டு, வினாவுக்குப் போங்கள். ட்ரூ, ஃபோல்ஸ் வினாக்களின் விடைகள் பந்தியின் ஒழுங்கிலேயே வரும். பத்திகளுக்குத் தலைப்புப் பொருத்தும் வினாக்கள் அப்படி வருவதில்லை. ஒரு வினாவில் சிக்கினால் ஊகித்து எழுதி, அடையாளமிட்டு, அடுத்ததற்குச் செல்லுங்கள்.

கேம்பிரிட்ஜ் வெளியிடும் மாதிரி வினாத்தாள் நூல்கள் நம்பகமானவை. ஒன்றை வாங்கி நான்கு பேர் சேர்ந்து படிக்கலாம். பரீட்சை நடத்தும் நிறுவனங்களின் இணையத்தளங்களிலும் இலவச மாதிரித் தாள்கள் உள்ளன. இணைய வசதி இல்லாதவர் நூலகத்தில் ஆங்கிலப் பத்திரிகையை எடுத்து, தினமும் ஒரு கட்டுரையை வாசித்து, அது சொன்னதை மூன்று வரியில் எழுதிப் பார்க்கலாம்.

பரீட்சை எழுதாமலே சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள். பெறுபேற்றை ஏற்கும் நிறுவனங்கள் அதை இணையவழியில் சரிபார்க்கின்றன. போலி ஆவணம் கொடுத்துப் பிடிபட்டால் கனடா ஐந்து ஆண்டுகள் தடை விதிக்கும்.

பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கப்படும் என்பதால் அவசரப்பட்டுப் பதியத் தேவையில்லை. வீட்டில் மணிக்கூடு வைத்துச் செய்த மூன்று முழுத் தாள்களில் தொடர்ந்து உங்களுக்குத் தேவையான புள்ளி வருகிறதா என்று பாருங்கள். வந்தபின் கட்டணத்தைக் கட்டுங்கள். அடகு வைத்த நகை ஒரே தடவையில் மீள்வதற்கு அதுவே நல்ல வழி.